நாலு நிமிஷ வெளிச்சம்

"கை நடுக்கத்தாலும் கவனக்குறைவாலும் மாதிரிகள் பாழாயின" என்று அந்தக் கடிதத்தில் இருந்தது. இருபத்தாறு வருஷம் ஒரே மேஜையில், ஒரே ஐஸ் தட்டின் முன்னால் உட்கார்ந்து, ஒரு தடவைகூட விரலை வெட்டிக்கொள்ளாத ஒருத்தியைப் பற்றி எழுதிய கடிதம். எழுதின எங்கள் துறைத்தலைவருக்கு ஓர் ஆப்பிளை ஒழுங்காக நறுக்கத் தெரியாது. போன வருஷம் அவர் பிறந்தநாள் கேக்கை வெட்டப்போய்த் தன் பெருவிரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டபோது பிளாஸ்திரி ஒட்டிவிட்டது நான்தான். அந்தக் கையால்தான் இதற்கும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

நான் அந்த ஆய்வகத்தில் கண்ணாடி கழுவுகிறவள். ஒன்பது வருஷமாகக் கழுவுகிறேன். கழுவுகிறவளுக்குத் தெரியாத ரகசியம் எந்த ஆய்வகத்திலும் கிடையாது. யார் ஒழுங்காக வேலை செய்கிறார்கள், யார் போன மாசத்துப் பூஞ்சை பிடித்த குடுவையை இந்த மாசக் குடுவைகளுக்கு நடுவே ஒளித்து அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் என் தொட்டிக்கு வந்ததும் தெரிந்துவிடும். அந்தக் கடிதத்துக்கு ஆளான அக்காவின் தட்டுகள் மட்டும் ஏற்கெனவே ஒரு தடவை அலசித்தான் வரும். எனக்கு வேலை குறையட்டும் என்று அல்ல. அழுக்கோடு ஒரு சாமானை அடுத்தவர் கையில் கொடுப்பது அவளுக்கு ஆகாது.

அவளை எல்லோரும் பிளேடு அக்கா என்பார்கள். பேசியே அறுக்கிறவர்களுக்கு வைக்கிற பெயர் அது. இவளோ ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். நிஜமாகவே பிளேடு பிடிக்கிற வேலை என்பதால் வந்த பெயர்.

வேலை இதுதான். கடுகுச் செடிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு குட்டிச் செடி. அதன் இலையைப் பறித்த நொடியே மருந்தில் போட்டுவிட வேண்டும். அந்த நொடியில் உள்ளே எது எங்கே இருந்ததோ அங்கேயே உறைந்து நின்றுவிடும். பிறகு ஐஸ் மேல் வைத்த தட்டில், ஒரு கரண்டி குளிர்ந்த கரைசலில் அந்த இலையைப் போட்டு, புது சவர பிளேடால் பொடிப்பொடியாக நறுக்க வேண்டும். நறுக்கணும், நசுக்கக் கூடாது. நறுக்கினால் செல்லின் வெளிச்சுவர் திறந்து, நடுவில் இருக்கும் உட்கரு முழுசாக வெளியே மிதந்து வரும். நசுக்கினால் அதுவும் சேர்ந்து கிழியும். ஒரு தட்டுக்கு ஒரு பிளேடு. குளிரில் விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போய், தொட்டால் மரக்கட்டை மாதிரி இருக்கும்.

நறுக்கியதை நைலான் வலையில் வடிகட்டி, மெஷினில் சுற்றி, அடியில் தங்கியதை ஸ்லைடில் வைத்துச் சாயம் ஏற்றினால், மைக்ராஸ்கோப்பில் கறுப்புக்கு நடுவே நீல உருண்டைகள் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் உட்கரு. அதற்குள் சிவப்புப் புள்ளி, ஒன்றோ இரண்டோ. அந்தப் புள்ளி நடுவில் இருக்கிறதா, ஓரத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று எண்ண வேண்டும். ஒரு ஸ்லைடுக்கு இருநூறு உருண்டை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு எண்ணுவாள்.

வேலையில் சேர்ந்த புதிதில், "இதை எண்ணி என்ன அக்கா கிடைக்கப்போகுது?" என்று கேட்டுவிட்டேன். கழுவும் அறையில் கையுறைகளையும் ஏப்ரன்களையும் உலர்த்த நான் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டியிருந்தேன். அதைக் காட்டினாள்.

"டிஎன்ஏன்னு சொல்றாங்கள்ல, அது ஒரு நூல். இந்தக் குட்டிச் செடியில ஒரு உட்கருவுக்குள்ள இருக்கிற நூலையெல்லாம் ஒண்ணா முடிஞ்சு நீட்டினா உன் நடுவிரல் நீளம் வரும். வெங்காயத்துல பத்து மீட்டருக்கு மேல. அவ்வளவும் கண்ணுக்கே தெரியாத உருண்டைக்குள்ள கிடக்கு."

"சிக்காகாதா?"

"சிக்காகக் கூடாதுன்னுதான் கட்டி வெச்சிருக்கு. உன் கொடி மாதிரி, அங்கங்க சுவத்துல ஆணி. மனுஷனுக்கும் மிருகத்துக்கும் அந்த ஆணி ஒரு வகைப் புரதம். செடியில அது கிடையவே கிடையாது. வேற ஆணி வெச்சிருக்கு. அது எது, எந்த இடத்தைப் பிடிச்சுக்குதுன்னுதான் இங்க இத்தனை பேரும் மண்டையை உடைச்சுக்கறாங்க."

"அப்போ அந்தச் சிவப்புப் புள்ளி?"

"அது ஒரு ஜீன். செடி வெளிச்சத்தை வெச்சுத்தான சாப்பாடு பண்ணுது? வெளிச்சம் பட்டா, அந்தச் சமையலுக்கு வேண்டிய ஜீன் நடுவுல இருந்து நகர்ந்து சுவத்துப் பக்கம் வந்து மாட்டிக்கும். ரெண்டு மூணு நாள் இருட்டுல வெச்சா திரும்ப நடுவுக்குப் போயிடும். ஆணி கெட்டுப்போன செடி ஒண்ணு வளர்க்கிறோம். அதுல வெளிச்சம் பட்டாலும் புள்ளி நடுவுலயேதான் நிக்குது. பிடிச்சுக்க ஆணி இல்லையே."

ஒரு மாசத்துப் பேச்சை அன்றைக்கே பேசிவிட்டோம் என்று தோன்றியதோ என்னவோ, அப்புறம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மூன்று மாச வேலை என்று சொல்லித்தான் அவளை எடுத்தார்களாம். அப்போது வயது இருபத்து மூன்று. அவளுக்குப் பிறகு வந்து ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிக்கொண்டு போனவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் இலை நறுக்கிக் கொடுத்தது அவள். அவர்களுடைய கட்டுரைகளின் கடைசியில், ஊசி முனை எழுத்தில், "தொழில்நுட்ப உதவிக்கு நன்றி" என்று ஒரு வரி வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மின்சாரம் போகாமல் பார்த்துக்கொண்டவருக்கும் அதே வரியில்தான் நன்றி. "எழுதலைன்னா மட்டும் நான் நறுக்காம இருந்திருப்பேனா? விடுடி" என்பாள் அக்கா. அவளுக்கும் சேர்த்து நான் கோபப்பட வேண்டியிருக்கும்.

அவள் வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். இவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊரில் உள்ளவனையெல்லாம் மேலே ஏற்றி இறக்கிவிட்டு இவர் அறுபது படி நடந்து ஏறுவார். நான் ஒரு தடவை போனபோது கதவருகே உட்கார்ந்து, கண் புரையோடு, காய்களை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து நறுக்கிக்கொண்டிருந்தார்.

"பாரும்மா, கவர்மெண்ட்டுக்கெல்லாம் நறுக்குவா, எனக்கு ஒரு கேரட் நறுக்கித் தரமாட்டா" என்றார்.

"வீட்ல கத்தியைத் தொட்டா கை அவசரத்துக்குப் பழகிடும். நசுக்கற புத்தி வந்துடும்" என்றாள் அவள். சிரிக்காமல்தான் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் கத்தி அவருடையது. இப்படிப் பொத்திப் பாதுகாத்த அவள் கையைத்தான் நடுங்குகிறது என்று எழுதினார்கள்.

நடந்தது இதுதான். இருட்டறை என்று ஒன்று எங்கள் மாடியின் கோடியில் இருக்கிறது. கதவைத் திறந்ததும் கறுப்புத் திரை, திரைக்குப் பின்னால் அலமாரிகளில் செடித் தட்டுகள். உள்ளே ஒரு சின்னப் பச்சை விளக்கு. அந்தப் பச்சையில் செடிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாதாம். கூரையில் ஒரு சாதாரண பல்பும் உண்டு. செடி ஒன்றும் இல்லாத நாளில், அறையைக் கழுவுவதற்கு மட்டும் அதைப் போடலாம். கதவில் அக்கா தன் கையால் எழுதி ஒட்டியிருந்தாள்: "சுவிட்சைத் தொடுகிற விரலை நான் நறுக்குவேன்." ஆய்வகத்தில் அவள் அடித்த ஒரே ஜோக் அது. ஜோக் என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தத் திங்கட்கிழமை செடிகளுக்கு இருட்டில் மூன்றாவது நாள். மதியம் மூன்றரைக்கு இலை பறிக்க வேண்டும். அன்றைக்கே அவள் கணவருக்கு ஒரு கண்ணில் புரை ஆபரேஷன். காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு, முடிந்ததும் வீட்டில் சேர்த்துவிட்டு, மூன்று மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லி அரை நாள் லீவு எடுத்தாள். வருஷத்தில் அவள் எடுத்த ஒரே லீவு. போகும்போது இருட்டறைச் சாவியை என் கையில் வைத்து, "யாரும் போகக் கூடாது" என்றாள். "சரிக்கா" என்றேன். வாய் கிழியச் சொன்னேன்.

பன்னிரண்டரை மணிக்குத் துறைத்தலைவர் விருந்தினர்களோடு வந்தார். ஏழு பேர். எல்லோருக்கும் பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு. எங்கள் தலைவருக்கு விருந்தாளி என்றால் உச்சி குளிர்ந்துவிடும். ஒவ்வொரு மெஷினையும் தானே பெற்று வளர்த்த மாதிரி அறிமுகம் செய்துகொண்டே வந்து, இருட்டறை வாசலில் நின்றார்.

"சாவி எங்கேம்மா?"

கொடுத்தேன். கொடுத்தேனா, நானே திறந்துவிட்டேன். அக்கா எழுதி ஒட்டியது என் மூக்குக்கு நேரே இருந்தது. திரையை விலக்கிக் காட்டினார். உள்ளே கன்னங்கரேல் என்று இருந்தது.

"ஒண்ணுமே தெரியலையே சார்" என்றார் ஒரு விருந்தாளி. இருட்டறைக்குள் எட்டிப் பார்த்தால் என்ன தெரியும், வானவில்லா?

தலைவர் சிரித்துக்கொண்டே கையை உள்ளே நீட்டினார். டக்கென்று சுவிட்ச். அறை முழுக்க வெளிச்சம்.

"இப்போ பாருங்க. எவ்வளவு இருட்டா வெச்சிருக்கோம்!" என்றார்.

சத்தியமாக இதைத்தான் சொன்னார். இருட்டைக் காட்ட விளக்கைப் போட்டார். அந்த ஏழு பேரும் தலையாட்டினார்கள். ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள். நாலு நிமிஷம் இருக்கும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "சார், லைட்டு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. பதினோரு மாசத்துக்கு ஒரு தடவை என் வேலையை நீட்டித்துக் கையெழுத்துப் போடுகிறவர் அவர். இவ்வளவு படித்தவருக்குத் தெரியாததா என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். பிறகு விளக்கை அணைத்தார்கள், டீ கேட்டார்கள். கண்ணாடி கழுவ வந்தவள் டீயும் தூக்க வேண்டும் என்று யார், எப்போது முடிவு செய்தார்கள் என்பது எனக்கு இன்னும் தெரியாது.

அக்கா சொன்னபடி மூன்று மணிக்கு வந்தாள். பச்சை விளக்கில் இலை பறித்தாள். பத்து நாள் நறுக்கி, வடிகட்டி, சாயமேற்றி, எண்ணினாள். பத்தாம் நாள் என் அறைக்கு வந்து கைகழுவும்போது முகம் சரியில்லை.

"இருட்டுல இருந்த செடி இல்லடி இது" என்றாள்.

கையிலிருந்த குடுவையை ஆறு தடவை அலசினேன்.

மறுநாள் தலைவர் அறையில் கூட்டம். டீயோடு நானும் நின்றேன். தலைவர், ஆராய்ச்சி மாணவி, அக்கா. மாணவி பயந்த சுபாவம். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது. இந்த முடிவை நம்பித்தான் அவளுடைய கட்டுரையே இருந்தது. இருட்டில் வைத்த, ஆணி கெடாத நல்ல செடியில் புள்ளி நடுவில் இருந்திருக்க வேண்டும். அக்கா எண்ணியதில் பாதிக்கு மேல் ஓரத்தில் இருந்தது.

"வயசாகுதும்மா உங்களுக்கு. கை நடுங்கியிருக்கும். நறுக்கும்போது உள்ளே இருக்கிறதெல்லாம் கலைஞ்சு போயிருக்கும்" என்றார் தலைவர்.

"கை நடுங்கினா ரெண்டு செடியும்ல சார் கலைஞ்சிருக்கணும்?" என்றாள் அக்கா. "ஒரே தட்டுல பக்கத்துப் பக்கத்துல இருந்த செடி. ஆணி கெட்ட செடியில புள்ளி நடுவுல கச்சிதமா இருக்கு. நல்ல செடியில மட்டும் ஓரத்துக்குப் போயிருக்கு. என் கைக்கு எது எந்தச் செடின்னு தெரியுமா? வெளிச்சம் பட்டிருக்கு சார்."

கண்ணாடி கழுவுகிற எனக்கே அது புரிந்தது. அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது. விளக்கைப் போட்டதை மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருந்தாரா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. "நீங்கதான் பொறுப்பு. வெளிச்சம் பட்டிருந்தாலும் உங்க கவனக்குறைவுதான்" என்று சொல்லி, முதலிலேயே அடித்து வைத்திருந்த தாளை நகர்த்தினார். கை நடுக்கம், கவனக்குறைவு, இதை நான் ஒப்புக்கொள்கிறேன், கீழே அவருடைய கையெழுத்து, பக்கத்தில் அவளுக்குக் காலி இடம். முன்பு எண்ணிய ஸ்லைடுகளையும் இனி சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி வேறு. இருபத்தாறு வருஷத்தையும் ஒரே வரியில் குப்பையில் போட்டார். மாணவி லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தாலும் அந்தத் தட்டால் என் தலையிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அக்கா கையெழுத்துப் போடவில்லை. "நான் செய்யாததுக்குப் போடமாட்டேன்" என்று எழுந்து வந்துவிட்டாள். கையெழுத்து இல்லாமலே அது அவள் கோப்புக்குப் போனது. திங்கட்கிழமையிலிருந்து கழுவும் அறையில் வேலை என்று உத்தரவு வந்தது. அதாவது, என் பக்கத்தில்.

அந்த ஐந்து நாளை என் எதிரிக்கும் விதிக்க மாட்டேன். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அடுத்த தொட்டியில் நின்று கழுவினாள். என்னைவிட நன்றாகக் கழுவினாள், அது வேறு எரிச்சல். ஒரு வார்த்தை புலம்பவில்லை. புலம்பியிருந்தால் நானும் கூடச் சேர்ந்து தலைவரைத் திட்டித் தீர்த்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே தப்பித்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை மதியம் நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினபோது அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தொட்டியில் ஐஸைக் கொட்டி, அதற்குள் மணிக்கட்டு வரை கையை விட்டு, வெளியே எடுத்தாள். விரல்களுக்கு நடுவே ஒரு பிளேடைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டி, நுனி ஆடுகிறதா என்று பார்த்தாள். ஆடவில்லை. மறுபடியும் கையை ஐஸுக்குள் விட்டாள். மறுபடியும் எடுத்துப் பார்த்தாள்.

"ஒருவேளை நான்தான் திரையைச் சரியா இழுத்து விடலையோ என்னவோ" என்றாள், என் பக்கம் திரும்பாமலே. "வயசாகுதுல்ல."

அவர்கள் சொன்னதை அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, லைட்டைப் போட்டது தலைவர். கதவைத் திறந்துவிட்டது நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு கோட்டு, போட்டோ, இருட்டைக் காட்டப் போட்ட விளக்கு. அவள் பிளேடைக் கீழே வைத்தாள்.

"எத்தனை நிமிஷம்?"

"நாலு இருக்கும்."

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டரை."

"மூணரைக்குப் பறிச்சேன். மூணு மணி நேரம். நகர்ந்து வர்றதுக்கு அது போதும்" என்றாள். ஒரு கணம் அவள் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. எண்ணியது தப்பில்லை என்ற சந்தோஷம். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பதினெட்டு நாள் ஆச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

இரண்டு பேரும் நேராகத் தலைவர் அறைக்குப் போனோம். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கடைசியில் சமாளித்துக்கொண்டு, "நாலே நிமிஷம்தான? அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்றார்.

"ஆகாதுன்னா செஞ்சே பாத்துடலாம் சார்" என்றாள் அக்கா. "இருட்டுல நாலு தட்டு, ரெண்டுல நல்ல செடி, ரெண்டுல ஆணி கெட்ட செடி. ஒவ்வொரு வகையிலயும் ஒண்ணுக்கு மட்டும் நாலு நிமிஷ வெளிச்சம். எது எதுன்னு எனக்குச் சொல்ல வேண்டாம். நம்பர் மட்டும் போட்டுக் கொடுங்க."

மாணவி நம்பர் போட்டாள். அக்கா பழைய மேஜைக்குப் போய், பழைய ஸ்டூலில் உட்கார்ந்து நறுக்கினாள். இரண்டு வாரம் கழித்து ஒரு துண்டுத் தாளைக் கொண்டுவந்து வைத்தாள். "மூணு தட்டுல புள்ளி நடுவுல இருக்கு. ரெண்டாம் நம்பர்ல மட்டும் ஓரத்துக்குப் போயிருக்கு. அப்போ ரெண்டாம் நம்பர் நல்ல செடி, வெளிச்சம் பட்டது." மாணவி தன் நோட்டைத் திறந்து பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. சரியாக இருந்தது.

இனி மன்னிப்புக் கேட்பார் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். மனிதர் மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "அருமை! நாலு நிமிஷ வெளிச்சமே போதும்னா இது நம்ம கட்டுரைக்கே புது விஷயம்!" என்றார். அவர் செய்த தப்பு ஒரு நொடியில் அவருடைய கண்டுபிடிப்பாகிவிட்டது. இப்படி ஒரு வரம் யாருக்குக் கிடைக்கும்? "இன்னும் மூணு தடவை திருப்பிச் செஞ்சு காட்டணும். நாளைக்கே ஆரம்பிச்சுடுங்கம்மா."

"அந்தக் கடிதம் சார்?"

"அது வேற விஷயம்மா. கோப்புக்குப் போனது போனதுதான். நடைமுறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

அக்கா தலையாட்டினாள். நிதானமாக எழுந்தாள்.

"அதுல என் கை நடுங்குதுன்னு எழுதியிருக்கு சார். நடுங்கற கையால நறுக்கினா உங்க கட்டுரை கெட்டுப்போயிடும். நான் கழுவப் போறேன்."

வந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். என் ஒன்பது வருஷத்தில் நான் பார்த்த ஆகப் பெரிய சண்டை அதுதான். குரல்கூட உயரவில்லை.

அந்த வாரம் மாணவியே நறுக்கினாள். பாவம், ஒரு நாளைக்கு ஒரு பெட்டி பிளேடு தீர்ந்தது. தொட்டிக்கு வந்த தட்டெல்லாம் பச்சைக் கூழ். விரலில் மூன்று பிளாஸ்திரி. அக்கா அந்தத் தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கழுவினாள். மனசு கேட்காமல் ஒரு நாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "அழுத்தாதம்மா. பிளேடோட வெயிட்டே போதும்" என்று மட்டும் சொன்னாள்.

எட்டாம் நாள் தலைவரே கழுவும் அறைக்கு வந்தார். அந்த வாசற்படியை அவர் மிதித்து நான் பார்த்ததே இல்லை. தலைக்கு மேலே தொங்கிய ஈரக் கையுறைகளை விலக்கிக்கொண்டு நின்றார்.

"கடிதத்தைக் கிழிச்சுடறேன். போதுமா?"

"கிழிக்க வேண்டாம் சார். அது அங்கயே இருக்கட்டும். அதுக்கு மேல இன்னொரு கடிதம் வெக்கணும். என்ன நடந்துச்சுன்னு."

முதல் கடிதம் மறுநாள் வந்தது. "எதிர்பாராத விதமாக அறைக்குள் வெளிச்சம் புகுந்தது" என்றிருந்தது. அக்கா திருப்பி அனுப்பினாள். இரண்டாவதில், "விருந்தினர் வருகையின்போது விளக்கைப் போட வேண்டிய சூழ்நிலை உருவாயிற்று." பூசி மெழுகுவதற்கு ஒரு பட்டம் கொடுத்தால் அதையும் இவரே வாங்குவார். அதையும் அனுப்பினாள். மூன்றாவதை அவரே எடுத்துக்கொண்டு வந்தார். "விளக்கைப் போட்டது நான். மாதிரிகள் கெட்டதற்கு அவர் காரணமில்லை. அவர் எண்ணிக்கையில் என்றும் பிழை இருந்ததில்லை." கையெழுத்து.

அக்கா இரண்டு தடவை படித்தாள். கட்டுரையில் தன் பெயரைப் போடச் சொல்லி அவள் அப்போதும் கேட்கவில்லை. கேளேன் அக்கா, இப்போதாவது கேளேன் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் கேட்டது வேறு.

"இதோட ஒரு காப்பி இருட்டறைக் கதவுல ஒட்டணும் சார். கோப்புல வெச்சா யார் படிக்கப்போறாங்க?"

அவர் என்னென்னவோ முனகினார். கடைசியில் "செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒட்டுவதற்கு முன்னால் நான் பேனா வாங்கி, அவர் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: "கதவைத் திறந்துவிட்டு, பார்த்துக்கொண்டு சும்மா நின்றது நான்." என் கையெழுத்தையும் போட்டேன். என் வேலை நீட்டிப்புத் தாள் இன்னும் அவர் மேஜையில்தான் கிடக்கிறது. கிடக்கட்டும். நான் எழுதியதை அக்கா படித்தாள். நாலு மூலையிலும் டேப் ஒட்டினாள். விருந்தாளிகள் வந்தால் தலைவர் இப்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

நேற்று அவள் கணவருக்கு அடுத்த கண் ஆபரேஷன். மறுபடியும் அரை நாள் லீவு. உள்ளே செடிகளுக்கு இருட்டில் மூன்றாவது நாள். காலையில் என் தொட்டியருகே வந்து சாவியை நீட்டினாள்.

"மூணு மணிக்கு வந்துடுவேன்" என்றாள். யாரும் போகக் கூடாது என்று இந்தத் தடவை சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. பழசையெல்லாம் மறந்துவிட்டாள், என்னை நம்புகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் படியிறங்கிப் போனதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. இனி எவன் வந்து எந்தச் சுவிட்சைப் போட்டாலும் எரியக் கூடாது. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனேன். வெளிக்கதவைச் சாத்திக்கொண்டு, திரைக்குள் நுழைந்து, பச்சை விளக்கைப் போட்டு, பல்பைக் கழற்ற ஏறினேன்.

ஹோல்டர் காலியாக இருந்தது. எனக்கு முன்னாலேயே அவள் கழற்றிக்கொண்டு போயிருந்தாள்.